பாடகர் எங்கே நிற்கிறார்?

லண்டன் திரையரங்கு ஒன்றில் வருங்கால மனைவியோடு படம் பார்த்த பொறியாளர் ஆலன் பிளம்லைனுக்கு ஓர் உறுத்தல் என்பார்கள்: நடிகர் திரையின் ஓர் ஓரத்தில் நிற்க, குரல் வேறெங்கிருந்தோ வருகிறது. 1931 டிசம்பரில் அவர் ஸ்டீரியோ ஒலிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்.

ஆனால் ஸ்டீரியோ இசைத்தட்டு பரவலாகக் கடைக்கு வந்தது 1958இல்தான். தட்டு வாங்கியவர் வீட்டு நாற்காலிகளையும் நகர்த்த வேண்டியதாயிற்று. இரண்டு ஸ்பீக்கர்களும் கேட்பவரும் சமபக்க முக்கோணத்தின் முனைகளில் இருந்தால் பாடகர் நடுவில் நிற்பார். சற்றுத் தள்ளி உட்கார்ந்தால், பக்கத்து ஸ்பீக்கருக்குள் போய் ஒளிந்துகொள்வார். முதலில் வந்து சேரும் ஒலியின் திசையையே காது நம்புகிறது. ஆய்வாளர் ஹெல்முட் ஹாஸ் இதை 1949இலேயே ஆராய்ந்திருந்தார். ஆக, வீட்டில் நல்ல இருக்கை ஒன்றே ஒன்று. அதில் யார் உட்கார்ந்திருப்பார் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

சுவரும் சும்மா இராது.

ஸ்பீக்கரை மூலைக்குத் தள்ளினால் தாழ்ந்த ஒலி பெருகும். அமெரிக்கரான பால் கிளிப்ஷ் இதையே முதலாக்கினார். 1940களில் அவர் உருவாக்கிய கிளிப்ஷ்ஹார்ன் என்ற ஸ்பீக்கர் மூலைக்கென்றே பிறந்தது. அறைச் சுவர்களே அதன் குழலின் தொடர்ச்சி. ஆனால் ஸ்பீக்கர் வைத்த இரு மூலைகளும் வெகுதூரம் விலகியிருந்தால் நடுவில் ஓசை வெறிச்சோடும். அங்கே மூன்றாவதாக ஒரு ஸ்பீக்கரை வைக்கச் சொன்னார் கிளிப்ஷ்.