எம்.எஸ். பாபுராஜ்: மலபார் தந்த இசைமேதை

இசை குறித்த மார்க்கத் தீர்ப்பில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் தீர்ப்பு வேறு, வரலாறு வேறு. கி.பி. 10ஆம் நூற்றாண்டில் அபுல் ஃபரஜ் அல்-இஸ்ஃபஹானீ தம் ‘கிதாபுல் அகானீ’யில் பாடகர்களின் வாழ்வைத் திரட்டி வைத்தார். அந்நூல் இன்றேல் அக்காலச் சமுதாய வாழ்வின் பெரும்பகுதி நமக்குத் தெரியாமலே போயிருக்கும். அவ்வழியில், நம் அண்டை மண்ணாகிய மலபாரின் முஹம்மது சாபிர் பாபுராஜை இங்கு நினைவுகூர்கிறோம்.

வங்கத்திலிருந்து கோழிக்கோடு வந்த இந்துஸ்தானி இசைஞர் ஜான் முஹம்மதுக்கும் மலபார்ப் பெண்மணி ஒருவருக்கும் மகனாக அவர் 1929இல் பிறந்தார். தாயை இழந்து, தந்தையையும் பிரிந்த சிறுவன், வயிற்றில் தாளமிட்டு ரயிலிலும் தெருவிலும் பாடிப் பிழைத்தான். அக்குரலில் மனம் கசிந்த குஞ்ஞுமுஹம்மது என்னும் காவலர் அவனை எடுத்து வளர்த்தார். கோழிக்கோட்டுக் கல்யாண வீடுகளும் மாடியறை மெஹ்ஃபில்களுமே பாபுராஜின் கல்விக்கூடங்கள்.

நாடக மேடையில் வளர்ந்த அவர், 1957இல் ‘மின்னாமினுங்கு’ படத்தின் வழியே திரையிசைக்கு வந்தார். ‘உம்மா’ (1960), ‘குட்டிக்குப்பாயம்’ (1964) ஆகிய படங்கள் மாப்பிள்ளை முஸ்லிம் இல்லங்களின் பாட்டு மரபைத் திரைக்குக் கொணர்ந்தன. வைக்கம் முஹம்மது பஷீரின் கதையில் உருவான ‘பார்கவி நிலையம்’ (1964) படத்தில் இந்துஸ்தானி ராகங்கள் மலையாள மொழியோடு இயல்பாக இணைந்தன. கவிஞர் பி. பாஸ்கரனின் வரிகளுக்கும் பாடகி எஸ். ஜானகியின் குரலுக்கும் அவர் மெட்டுகள் புதுப்பொலிவு தந்தன.

இத்துணைப் புகழுக்குரியவர் வறுமையில் வாடி, 1978 அக்டோபர் 7 அன்று சென்னையில் காலமானார். அப்போது வயது 49. இது தனியொருவரின் துரதிர்ஷ்டம் மட்டுமன்று. படத்துக்கென ஊதியம் பெற்று அமைத்த இசைக்கு, மாறான ஒப்பந்தம் இல்லையெனில், தயாரிப்பாளரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 1977இல்தான் தீர்ப்பளித்திருந்தது. இசையமைப்பாளரின் உரிமத்தொகைப் பங்குக்குப் பாதுகாப்பளித்த பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் 2012இல் வந்தது. அவர் மறைந்து அப்போது 34 ஆண்டுகள் கடந்துவிட்டன.

பஷீரின் அதே கதை 2023இல் ‘நீலவெளிச்சம்’ என மீண்டும் படமானபோது பாபுராஜின் மெட்டுகளே புதிய தலைமுறையின் செவிகளை எட்டின. உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. ஒருவரின் கலையை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் தெளிவைப் பொறுத்தது. பாடலைக் கேட்டுச் சுவைத்தவர்களோ, அதை ஆக்கியவரின் உரிமையை மறந்திருக்க நியாயமில்லை.