ஒரு பவுண்டு தானியம்

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-ல் எழுந்த வானாய்வகம் 1796 முதலே வெப்பத்தையும் காற்றழுத்தத்தையும் குறித்து வைத்தது. வானத்தை அளப்பதில் இந்தச் சீமை முந்திக்கொண்டது. வானம் பொய்த்தால் மனித உடம்பு என்ன பாடுபடும் என்ற கணக்கோ, தாது வருஷப் பஞ்சம் வந்த பிறகுதான் பெரிதாகப் பேச்சுக்கு வந்தது. 1876-ல் ஐப்பசி, கார்த்திகை மழை ஏமாற்றியது. பாலாற்றுக்குத் தெற்கே படாளம், மதுராந்தகம் வரை ஏரிப் பாசனத்தை நம்பிய நாடு இது. மழை தவறினால் கைக்கு வேலையும் இல்லை, வயிற்றுக்குச் சோறும் இல்லை. நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும், சிறிது காசும் போதும் என்று 1877 ஜனவரியில் இந்திய அரசின் பஞ்சப் பிரதிநிதி ரிச்சர்ட் டெம்பிள் விதித்தார். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். அதைத் தின்றுவிட்டு நாள் முழுக்க மண் வெட்டிச் சுமக்க வேண்டும். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் இதை எதிர்த்தார். இம்மாகாண மக்களின் உணவு பற்றி 1863-லேயே அறிக்கை தொகுத்தவர் அவர். உழைக்கும் உடம்புக்கு ஒன்றரைப் பவுண்டும் பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதாடினார். அரசு பாதி வழி மட்டுமே இறங்கி வந்தது.

அந்தப் பஞ்சத்தில் நேர்ந்த சாவுகளுக்குக் காரணம் ஆட்சிதானே, வானிலையின் மேல் ஏன் பழி போட வேண்டும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் அதிலேயே விடையும் இருக்கிறது. மழை எத்தனை அங்குலம் குறைந்தது என்று மட்டும் பார்த்தால் ஆபத்து தெரியாது. கூலி, சோறு, தண்ணீர், நிழல் எல்லாவற்றோடும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். இறந்தவர் கணக்கும் அப்படித்தான். பிழைப்புத் தேடிப் போய் வழியில் விழுந்து இறந்தவர்கள் கிராமப் பதிவேட்டில் ஏறவில்லை. 1871-ல் சுமார் 3.12 கோடியாக இருந்த மாகாண மக்கள்தொகை, பெருக வேண்டிய பத்தாண்டுக்குப் பின் 1881-ல் 3.08 கோடியாகக் குறைந்திருந்தது. தலைகளை மீண்டும் எண்ணிய பிறகே இழப்பின் அளவு புரிந்தது.

அன்று ஆபத்து மழை பொய்த்தது; இன்றைய ஆபத்து வெயில். இந்த ஊருக்கு வெயில் புதிதா என்பார்கள். பழகிய உடம்புக்கும் எல்லை உண்டு என்பதை உப்பளங்கள் காட்டுகின்றன. ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் தமிழகத்தின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களைச் சோதித்தார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வரம்பு மீறிய வெப்பத்தில் வேலை செய்தார்கள். சுமார் 7 விழுக்காட்டினரின் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. வெயிலில் வேலை செய்பவரின் ஆபத்தை அளக்கும் கருவியில் மூன்று வெப்பமானிகள் இருக்கும்: ஒன்று சாதாரணமானது, ஒன்று கறுப்புக் கோளத்துக்குள், ஒன்றின் குமிழில் ஈரத் திரி. மொத்த மதிப்பில் பத்தில் ஏழு பங்கு அந்த ஈரத் திரிக்குத்தான், ஏனென்றால் உடம்பு குளிர்வதும் வியர்வை உலர்ந்துதான். மாமல்லபுரம் கரையோர ஈரக் காற்றில் வியர்வை எளிதில் உலராது. படாளம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டும் தோட்டத்துக்குள் காற்றே நுழையாது. வானிலை அறிக்கையில் வரும் எண் இரண்டையும் சொல்லாது.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் உண்டு. நல்ல முடிவு. ஆனால் கரும்புக் கட்டோடு சாய்ந்தவரின் இறப்புச் சான்றிதழில் மாரடைப்பு என்று மட்டும் எழுதினால், அவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, என்ன வேலை செய்யும்போது விழுந்தார் என்று எழுத அந்தப் படிவத்தில் ஒரு வரி வேண்டும்.