நண்பகல் என்னும் திசை: தென் இத்தாலியும் ஐரோப்பிய வட்டார நிதியும்

இத்தாலியர் தம் நாட்டின் தென்பகுதியை 'மெஸ்ஸோஜோர்னோ' என்பர். நண்பகல் என்பதே அதன் நேர்ப்பொருள். உச்சிவேளையில் கதிரவன் நிற்கும் திசையாதலால் தெற்குக்கு ஆகிவந்தது. தமிழிலக்கணியர் கண்டால் காலவாகுபெயர் என்பர். இரண்டாம் உலகப்போருக்குப் பின்னரோ அச்சொல் திசையைவிட வறுமையையே சுட்டிற்று. 1950களின் தொடக்கத்தில் தெற்கின் தனிநபர் வருமானம் வடக்கினதில் ஏறக்குறைய பாதியே.

1950இல் தெ காஸ்பெரியின் அரசு தெற்குக்கெனத் தனி நிதியம் ஒன்றை, 'காஸ்ஸா பெர் இல் மெஸ்ஸோஜோர்னோ'வை, நிறுவியது. முதற்கட்டத்தில் சதுப்புநில மீட்பு, பாசனம், சாலை, குடிநீர் ஆகியவற்றுக்கே பணம் சென்றது. 1957ஆம் ஆண்டுச் சட்டம் தொழில்துறையின் பக்கம் திரும்பியது: அரசு நிறுவனங்கள் தம் புதிய முதலீட்டில் 60 விழுக்காட்டைத் தெற்கில் இடவேண்டும். தாரந்தோவின் எஃகாலை அவ்வாறு எழுந்ததே. மூலதனம் மிகுதி, வேலைவாய்ப்போ குறைவு. சுற்றுவட்டாரத்தில் துணைத்தொழில்கள் போதிய அளவு முளைக்கவில்லை. இத்தகைய ஆலைகளை இத்தாலியர் 'பாலைவனப் பேராலயங்கள்' என எள்ளினர்.

ஆயினும் காஸ்ஸாவை முழுத்தோல்வி என ஒதுக்கும் வழக்கம் நேர்மையானதன்று. 1970களின் தொடக்கத்தில் தெற்கின் வருமானம் வடக்கினதில் மூன்றில் இரண்டு பங்கை எட்டியது. இதில் இலட்சக்கணக்கானோர் வடக்கே குடிபெயர்ந்ததன் பங்கும் உண்டு என்பதை மறைக்கலாகாது. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் இடைவெளி குறைவது நின்றது. நிதியமும் கட்சி ஆதரவாளர்க்குப் பங்கிடும் கருவியாய்ச் சீரழிந்து, 1984இல் கலைக்கப்பட்டது.

இதற்கிடையே சிக்கல் ஐரோப்பாவினதாகிவிட்டது. 1957இன் ரோம் ஒப்பந்தம் வட்டார ஏற்றத்தாழ்வைக் குறைப்பதை முகவுரையிலேயே கூறியது. நிதியோ 1975இல்தான் வந்தது. பிரிட்டனும் அயர்லாந்தும் இணைந்தபின் பிறந்த ஐரோப்பிய வட்டார வளர்ச்சி நிதியில் இத்தாலிக்கு 40 விழுக்காடு, பிரிட்டனுக்கு 28, பிரான்சுக்கு 15 என நாடுவாரிப் பங்குகள் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டன. இங்கேதான் பிழை. ஐரோப்பியப் பணம் வந்ததும் அரசுகள் தம் செலவைக் குறைத்துக்கொள்ள இயன்றது. வட்டாரங்களுக்குப் பேச்சுரிமையே இல்லை.

டெலோர் காலத்து 1988ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் இதனைத் திருத்த முயன்றது. நிதி இருமடங்காயிற்று, பல்லாண்டுத் திட்டங்கள் வந்தன, ஐரோப்பியப் பணம் உள்நாட்டுச் செலவுக்கு மாற்றாகாமல் கூடுதலாகவே அமையவேண்டும் என்று விதிக்கப்பட்டது. சராசரி வருமானத்தில் 75 விழுக்காட்டுக்குக் கீழுள்ள வட்டாரங்களுக்கு முன்னுரிமை கிட்டியது. அயர்லாந்து முழுவதும் அன்று அம்முன்னுரிமைப் பட்டியலில் இருந்தது, இன்று இல்லை. தென் இத்தாலியின் எட்டு வட்டாரங்களில் அப்ருஸ்ஸோ நீங்கலாக ஏழும் 2021–2027 காலத்திலும் பின்தங்கியவையாகவே பட்டியலில் உள்ளன. அவற்றுள் சார்தீனியா ஒருமுறை வெளியேறி, மீண்டும் உள்ளே வந்தது.