நடுவயதுப் பெண்கள் கிரியேட்டின் பவுடர் சாப்பிடலாமா? மருத்துவமும் மார்க்கமும்



ஜிம்முக்குப் போகும் இளைஞர்களின் மேசையில் மட்டும் இருந்த கிரியேட்டின் டப்பா இப்போது தாய்மார்களின் பேச்சிலும் வந்துவிட்டது. 'நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு எலும்பும் தசையும் பலப்படும், சோர்வு போய்விடும்' என்று கைப்பேசியில் வரும் காணொளிகளைப் பார்த்துவிட்டு மேச்சேரி, மேட்டூர், ஓமலூர் வட்டாரப் பெண்கள் நம்மிடம் மூன்று கேள்விகளைக் கேட்கிறார்கள். இது ஹலாலா? கிட்னி கெட்டுவிடாதா? உண்மையிலேயே பலன் உண்டா? இம்மூன்றுக்கும் உரிய விவரங்களை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

கிரியேட்டின் என்பது என்ன?

கிரியேட்டின் ஸ்டீராய்டு அல்ல, ஹார்மோனும் அல்ல. நம் உடலே அன்றாடம் தயாரித்துக்கொள்ளும் ஒரு பொருள். சிறுநீரகமும் கல்லீரலும் சேர்ந்து மூன்று அமினோ அமிலங்களிலிருந்து இதை உருவாக்குகின்றன. இதில் ஏறக்குறைய 95 சதவீதம் தசைகளில் தங்குகிறது. கனமான பொருளைத் தூக்கும்போதும், சட்டென்று எழும்போதும் முதல் சில விநாடிகளுக்குத் தசைக்கு வேண்டிய சக்தியை உடனடியாகக் கொடுப்பது இதன் வேலை.

பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் 1832-ல் இதை முதன்முதலில் இறைச்சியிலிருந்துதான் பிரித்தெடுத்தார். இறைச்சியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே இதற்குப் பெயரும் வந்தது. இறைச்சிக்கென்றே பேர்போன ஆட்டினம் நம் மேச்சேரி ஆடு. அதற்காகப் பொட்டனேரியில் தனி ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. ஆனால் பச்சை இறைச்சியிலோ மீனிலோ கிலோவுக்கு 4 முதல் 5 கிராம் கிரியேட்டின்தான் இருக்கும். நாளொன்றுக்கு 3 கிராம் வேண்டுமென்றால் அரைக் கிலோவுக்கு மேல் கறி சாப்பிட வேண்டும். அது விலைக்கும் கட்டுப்படியாகாது, உடலுக்கும் நல்லதல்ல. காய்கறி, பருப்பு வகைகளில் இது அநேகமாக இல்லை. எனவே கறி, மீன் குறைவாகச் சாப்பிடுகிறவர்களின் தசையில் இதன் இருப்பு குறைவாகவே இருக்கும். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் குழம்பை மட்டும் ஊற்றிச் சாப்பிடும் பெண்கள் நம் வீடுகளில் எத்தனை பேர் என்பதை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும்.

நாற்பதுக்குப் பிறகு உடலில் நடப்பது

முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைவதாக மருத்துவர்கள் கூறுகின்றனர். நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயது வாக்கில் மாதவிடாய் நின்றுவிடுகிறது. அப்போது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைவதால் எலும்பின் அடர்த்தியும் தசையின் பலமும் இன்னும் வேகமாகக் குறைகின்றன.

இதன் விளைவை நாம் தொழுகையில் கண்கூடாகப் பார்க்கிறோம். ஃபர்ளுத் தொழுகைகளில் மட்டும் ஒரு நாளைக்கு 12 தடவை தரையிலிருந்து எழுந்து நிலைக்கு வருகிறோம். ஐம்பது வயதுகூட ஆகாத பெண்கள் பலர் இன்று நாற்காலியில் அமர்ந்து தொழுகிறார்கள். இயலாதவருக்கு மார்க்கம் அளித்த சலுகை அது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த இயலாமை மூட்டுத் தேய்மானத்தால் மட்டும் வருவதில்லை. தொடைத் தசையின் பலவீனமும் ஒரு காரணம், அதைப் பெருமளவு சரிசெய்ய முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பல ஆண்டுகள் பணம் சேர்த்து ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் போகிறவர்களுக்கும் இதே கவலைதான். சஃபா மர்வா தொங்கோட்டம் மட்டுமே ஏறக்குறைய 3 கிலோமீட்டர் நடை.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து 5 தடவை எழுந்து உட்காருங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் உடல் இயக்கம் குறைந்திருப்பதன் அறிகுறி என்று ஆசிய நாடுகளின் தசை இழப்பு ஆய்வுக் குழு 2019-ல் வரையறுத்துள்ளது.

ஆய்வுகள் உண்மையில் சொல்வது என்ன?

கிரியேட்டின் உடற்பயிற்சியின் பலனைக் கூட்டும். பயிற்சி இல்லாமல் அது மட்டும் பெரிதாக எதையும் செய்துவிடாது. 55 வயதுக்கு மேற்பட்டவர்கள் தசைப் பயிற்சியுடன் தினமும் 3 கிராம் எடுத்தால் தசை வலு கூடுதலாக மேம்படும் என்ற கூற்றை ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல் அனுமதித்தது. அதற்கு அது போட்ட நிபந்தனை, வாரத்துக்கு 3 நாளாவது சுமையைக் கூட்டிக்கொண்டே போகும் பயிற்சி இருக்க வேண்டும் என்பது.

எலும்பைப் பற்றிய செய்தி அவ்வளவு உற்சாகமானதல்ல. மாதவிடாய் நின்ற 237 பெண்களை வைத்துக் கனடா ஆய்வாளர்கள் இரண்டு ஆண்டுகள் நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. அனைவரும் உடற்பயிற்சி செய்தனர். ஒரு பிரிவினருக்கு மட்டும் கிரியேட்டின் தரப்பட்டது. அவர்களுடைய எலும்பின் அடர்த்தி மற்றவர்களைவிடக் கூடவில்லை. இடுப்பெலும்பின் அமைப்பில் சில நல்ல மாற்றங்கள் மட்டும் தெரிந்தன. ஆகவே 'எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து' என்று விற்பவரை நம்ப வேண்டாம். மருத்துவர் தந்த எலும்பு மாத்திரையை நிறுத்திவிட்டு இதைச் சாப்பிடவே கூடாது.

ஞாபகசக்தி, மனச்சோர்வு, தூக்கம் ஆகியவற்றுக்கும் நல்லது என்கிறார்கள். இவை இன்னும் தொடக்க நிலை ஆய்வுகளே. மூளைத்திறன் பற்றிய கூற்று நிரூபணமாகவில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024-ல் கூறிவிட்டது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019-21) நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. சோர்வுக்குக் காரணம் இரத்தக் குறைவோ, தைராய்டோ, சர்க்கரையோ என்றால் கிரியேட்டினால் எந்தப் பயனும் இல்லை. முதலில் அந்தப் பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள்.

கிரியேட்டின் வேறு, கிரியேட்டினின் வேறு

குடும்பங்களில் அதிகப் பயம் ஏற்படுத்துவது இந்தப் பெயர்க் குழப்பம்தான். 'கிரியேட்டினின் ஏறிவிட்டது, டயாலிசிஸ் செய்ய வேண்டும்' என்று கேள்விப்பட்ட வீட்டில் 'கிரியேட்டின்' என்றாலே நடுங்குகிறார்கள்.

தசையில் கிரியேட்டின் பயன்பட்டு முடிந்தபின் மிஞ்சும் கழிவுதான் கிரியேட்டினின். அதைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. சிறுநீரகம் பழுதானால் கழிவு இரத்தத்தில் தேங்கும். அதனால்தான் அதை அளந்து கிட்னியின் நிலையை மருத்துவர்கள் கணிக்கிறார்கள். கிரியேட்டின் பவுடர் சாப்பிடுகிறவருக்குக் கிட்னி நன்றாக இருந்தாலும் இந்த அளவு சற்றுக் கூடுதலாகக் காட்டலாம். ஆரோக்கியமானவர்களுக்கு உரிய அளவில் இது சிறுநீரகத்தைக் கெடுப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை.

எனவே செய்ய வேண்டியவை இரண்டு. தொடங்கும் முன்பே ஒரு தடவை இரத்தப் பரிசோதனை செய்து அளவைக் குறித்து வையுங்கள். பிறகு எப்போது பரிசோதனை செய்தாலும் 'கிரியேட்டின் சாப்பிடுகிறேன்' என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் சில வாரம் நிறுத்திவிட்டு மறுபடி பார்ப்பார்கள், அல்லது சிஸ்டாட்டின்-சி என்ற வேறு பரிசோதனையை எழுதித் தருவார்கள். சொல்லாமல் மறைத்தால் இல்லாத நோய்க்கு வைத்தியம் நடக்கும். அல்லது இருக்கும் நோய் 'பவுடரால்தான்' என்று தள்ளிப்போகும்.

யார் தவிர்க்க வேண்டும்?

சிறுநீரக நோய் உள்ளவர்கள், ஒரே சிறுநீரகம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு வெளியே தெரியாமல் கிட்னி பாதித்திருக்கலாம். அவர்கள் இரத்தத்துடன் சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும். மூட்டுவலிக்காக அன்றாடம் வலி மாத்திரை விழுங்குகிறவர்களும் அப்படியே. அந்த மாத்திரைகளே சிறுநீரகத்துக்குச் சுமை.

மார்க்கப் பார்வை: ஹலாலா?

தடுக்கப்பட்டதற்கு ஆதாரம் இல்லாத வரை பொருட்கள் அனுமதிக்கப்பட்டவை என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி. கடையில் விற்கும் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் இறைச்சியிலிருந்து எடுக்கப்படுவதில்லை. சார்க்கோசின், சயனமைடு என்னும் இரு வேதிப்பொருட்களைக் கொண்டு ஆலையில் தயாராகிறது. ஆகவே அறுக்கப்பட்ட பிராணியா என்ற கேள்வி தூய பவுடரில் எழாது. அது ஆகுமானது.

கேள்வி எழுவது கூடச் சேர்ப்பவற்றில்தான். கேப்சூலின் உறையும் மிட்டாய் போன்ற கம்மிகளும் பெரும்பாலும் ஜெலட்டினால் ஆனவை. பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டின் கூடாது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் நிலைப்பாடு. மாட்டிலிருந்து எடுத்தது என்றாலும் ஷரீஅத் முறைப்படி அறுக்கப்பட்டதா என்று தெரியாது. ஒரு பொருள் முற்றிலும் வேறாக மாறிவிட்டால் சட்டமும் மாறும் என்ற 'இஸ்திஹாலா' விதியை ஹனஃபி மத்ஹபில் விரிவாகவும், ஷாஃபி மத்ஹபில் குறுகியதாகவும் கொள்கிறார்கள். ஜெலட்டின் அதில் அடங்குமா என்பதில் இக்கால அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சந்தேகமானதை விட்டுவிடுவதே பேணுதல். சுவையூட்டப்படாத வெறும் பவுடர் எளிதாகக் கிடைக்கும்போது நாம் ஏன் சர்ச்சைக்குள் போக வேண்டும்?

வாங்கும்போது நான்கு விஷயங்களைப் பாருங்கள். பொருட்பட்டியலில் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் ஒன்று மட்டும் இருக்க வேண்டும். சைவத்தைக் குறிக்கும் பச்சைப் புள்ளி இருக்க வேண்டும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும். 'மாஸ் கெய்னர்' போன்ற கலவை டப்பாவாக இருக்கக் கூடாது. அவற்றில் சர்க்கரையும் வேறு பலவும் சேர்ந்திருக்கும்.

இதை நபிவழி மருத்துவம் என்றோ, நன்மை தரும் அமல் என்றோ யாரும் விற்கக் கூடாது. இது ஆகுமான ஓர் உணவுச் சேர்க்கை, அவ்வளவே. வாங்க வசதியில்லாதவர் கடன்பட்டு வாங்கத் தேவையில்லை.

எவ்வளவு, எப்போது?

தினமும் 3 முதல் 5 கிராம் போதும். டப்பாவில் வரும் அளவுக் கரண்டியால் அளந்து, தண்ணீரிலோ மோரிலோ கலக்கிக் குடிக்கலாம். முதல் வாரம் 20 கிராம் என்று சிலர் சொல்வது நம் பெண்களுக்குத் தேவையில்லை. அது வயிற்றைத்தான் புரட்டும். 3 கிராம் வீதம் எடுத்தாலே ஏறக்குறைய 4 வாரத்தில் தசை நிரம்பிவிடும். தொடக்கத்தில் ஒரு கிலோ வரை எடை கூடலாம். அது தசையில் சேரும் நீர், கொழுப்பல்ல.

இன்ன நேரத்தில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே ரமலானில் இஃப்தாருக்குப் பிறகோ ஸஹரிலோ எடுத்துக்கொள்ளலாம். இரவில் தண்ணீர் போதிய அளவு குடிக்க வேண்டும். இதற்காக நோன்பை விடுவதற்கு எந்த முகாந்திரமும் இல்லை.

பயிற்சிக்கு வீடே போதும்

ஆண்களும் பெண்களும் கலந்திருக்கும் ஜிம்முக்குப் போக வேண்டியதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழுதல், சுவரில் கை வைத்துத் தள்ளுதல், தண்ணீர் நிரப்பிய 2 லிட்டர் பாட்டில்களைத் தூக்கி இறக்குதல், படியில் ஏறி இறங்குதல் ஆகிய நான்கே போதும். ஒவ்வொன்றும் 10 தடவை, இரண்டு அல்லது மூன்று சுற்று, வாரத்தில் 3 நாள். எளிதாகிவிட்டால் சுமையைக் கூட்ட வேண்டும். மூட்டுவலி உள்ளவர்கள் இயன்முறை மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுச் செய்வது நல்லது.

'வீட்டு வேலை செய்கிறோமே, அதுவே பயிற்சிதானே' என்று கேட்கிறார்கள். அம்மியும் உரலும் குடமும் இருந்த காலத்தில் ஓரளவு சரி. கிரைண்டரும் மிக்ஸியும் வந்தபின் வேலை நம்மைக் களைப்பாக்குகிறதே தவிர, தசைக்குச் சுமை கொடுப்பதில்லை.

பெண்ணுக்கு ஓட்டமும் பயிற்சியும் எதற்கு என்று கேட்பவர்கள், பயணம் ஒன்றில் நபி (ஸல்) அவர்களும் ஆயிஷா (ரலி) அவர்களும் ஓட்டப் பந்தயம் வைத்துக்கொண்டதை அபூதாவூதில் படித்துப் பார்க்கட்டும்.

குடும்பத்தாரின் பொறுப்பு

உடல் அல்லாஹ் தந்த அமானிதம்; அதற்கும் நம் மீது உரிமை உண்டு என்பது நபிமொழி தரும் படிப்பினை. மனைவியின் உணவும் பராமரிப்பும் கணவன் மீது கடமை. டப்பா வாங்கிக் கொடுப்பதோடு அந்தக் கடமை முடிந்துவிடாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரைப்படி கிலோ எடைக்கு 0.83 கிராம் வீதம் தினமும் புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது ஏறக்குறைய 50 கிராம். முட்டை, பருப்பு, தயிர், மேட்டூர் மீன், கறி என்று அவர் தட்டில் அது விழுகிறதா என்று பாருங்கள். வாரம் மூன்று நாள் அரை மணி நேரம் அவரை அடுப்படியிலிருந்து விடுவியுங்கள். வருடம் ஒருமுறை இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். இவை நடக்கும் வீட்டில் கிரியேட்டின் கூடுதல் உதவி. நடக்காத வீட்டில் அதற்குச் செலவழிக்கும் பணம் வீண்.

நம் தாய்மார்களும் சகோதரிகளும் முதுமையிலும் தம் காலில் நின்று தொழவும், பிறர் தயவின்றி ஹஜ், உம்ராவை நிறைவேற்றவும் வல்ல அல்லாஹ் உடல் நலத்தையும் பலத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.