கல்லுமாலையும் பாசிமணியும்

விழுப்புரத்திலிருந்து கிழக்கே பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும், புதுச்சேரி வந்துவிடும். அங்கிருந்து தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது அரிக்கமேடு. 1937இல் ழுவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் அங்கே போனபோது, மண்ணில் பொறுக்கிய மணிகளை அந்த ஊர்ப் பிள்ளைகள் அவருக்கு விலைக்குக் கொடுத்தார்கள். அதன்பிறகுதான் 1945இல் வீலர் வந்தார், அவருக்குப் பின் கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லே. அகழாய்வு அறிக்கைகளில் இத்தாலிய மண்கலங்களும் மது ஜாடிகளும் பக்கம் பக்கமாக வருகின்றன. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தோழர்களுக்குத் தெரியும், அரிக்கமேடு என்றாலே கேள்வி ரோமாபுரியைப் பற்றித்தான் வரும். ஆனால் அங்கே உற்பத்தியான பொருள் மணி. அங்கே செய்த சின்னக் கண்ணாடி மணிகளைப் போன்றவை தென்கிழக்கு ஆசியாவிலும் கொரியாவிலும் ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலும் கிடைத்திருக்கின்றன. ஆய்வாளர்கள் அவற்றுக்கு இந்தோ-பசிபிக் மணிகள் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஜாடி வாங்கிக் குடித்தவருக்கு வரலாற்றில் இடம் கிடைத்தது. அனல் முன்னால் நின்று மணி இழுத்தவருக்குக் கிடைக்கவில்லை.

அந்த வேலை சாதாரணமானதல்ல. உருகிய கண்ணாடியை இரும்புக் குழாயின் நுனியில் கூம்பாகத் திரட்ட வேண்டும். நடுவில் துளை மூடிப்போகாமல் பார்த்துக்கொண்டே அதை நீளமான குழலாக இழுக்க வேண்டும். குழலைத் துண்டு துண்டாக நறுக்கி, துளை அடைபடாமல் இருக்கச் சாம்பலில் புரட்டி மறுபடி சூடேற்றினால் கூர்மையான விளிம்பு மழுங்கி மணி உருண்டு வரும். ஆந்திரத்தில் காளகஸ்திக்கு அருகே பாப்பாநாயுடுபேட்டையில் நம் காலம்வரை இதே முறையில் மணி செய்திருக்கிறார்கள். மணி ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் அந்த ஊர்ச் சூளையைப் பார்த்துத்தான் அரிக்கமேட்டுச் சூளை எப்படி இயங்கியிருக்கும் என்று விளக்கினார். அதாவது, படிக்காத கைத்தொழிலாளி என்று நாம் ஒதுக்குகிறவர்தான் அங்கே ஆய்வாளருக்கு ஆசிரியர்.

மணியைச் செய்ததை விட்டுவிட்டு, அணிந்தது யார் என்று கேட்டால் வேறொரு வரலாறு திறக்கிறது. நம் மாணவர்கள் பலருக்கு இது சொல்லித்தரப்படவே இல்லை.

பழைய திருவிதாங்கூரில் புலையர் பெண்கள் தங்கமோ வெள்ளியோ அணியக் கூடாது, மார்பை மறைக்கக் கூடாது. கழுத்தில் கல்லும் கண்ணாடி மணியும் கோத்த மாலையை அணிய வேண்டும். அதுதான் கல்லுமாலை. தூரத்தில் வரும்போதே இன்ன சாதி என்று தெரிய வேண்டும் என்பதற்காகக் கழுத்தில் மாட்டிய அடையாளம் அது. ஒரு கழுத்துக்கு ஒன்றல்ல, அடுக்கடுக்காக மார்பு வரை தொங்கும். வயலில் குனிந்து நாற்று நடும் பெண்ணுக்கு அந்தப் பாரம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1915இல் அய்யன்காளி இந்த மாலைகளை அறுத்தெறியச் சொன்னார். கொல்லத்துக்குப் பக்கத்தில் பெரிநாட்டில் அதற்காகக் கூடிய கூட்டத்தை ஆதிக்கச் சாதியினர் தாக்கினார்கள். மக்கள் திருப்பித் தாக்கினார்கள். அதன்பின் குடிசைகள் எரிக்கப்பட்டன, குடும்பங்கள் ஊரைவிட்டு ஓடின. அதே ஆண்டின் இறுதியில் கொல்லம் நகரத்து மைதானத்தில், சங்ஙனாச்சேரி பரமேஸ்வரன் பிள்ளை தலைமையில், எல்லாச் சாதியினரும் பார்க்க ஒரு கூட்டம் நடந்தது. அய்யன்காளி கேட்டுக்கொள்ள, பெண்கள் அந்த மேடை முன்னாலேயே கதிர் அறுக்கும் அரிவாளால் மாலைகளை அறுத்துக் குவித்தார்கள். உள்ளாடை எரிப்பு, மேலாடை நீக்கம் என்று மேற்கத்திய பெண்ணியப் போராட்டங்களை வகுப்பில் படிக்கும் தோழிகள் இந்த ஆண்டையும் குறித்துக்கொள்ளலாம்.

நம் பக்கத்தில் மட்டும் என்ன வாழ்ந்தது? 1930இல் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடருக்கு எட்டுத் தடைகளை அறிவித்தார்கள். தங்க, வெள்ளி நகை அணியக் கூடாது என்பது அதில் ஒன்று. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது, பெண்கள் மேல் துணி போடக் கூடாது என்றெல்லாம் பட்டியல் நீண்டது. மீறியவர்களின் குடிசைகளைக் கொளுத்தினார்கள். தென்னாற்காட்டுச் சேரிகளில் நம் பாட்டிமார் கழுத்தில் கிடந்த கருகமணியையும் பாசியையும் எளிமையின் அழகு என்று பாராட்டுகிறவர்களைப் பார்த்தால் எங்களுக்கு எரிச்சல்தான் வருகிறது. தங்கம் வாங்கப் பணம் இல்லாதது ஒரு பாதி. பணம் இருந்தாலும் போட முடியாதது மறு பாதி.

மணியைக் கோத்து விற்றே பிழைக்கும் சமூகத்துக்கு இப்போது வருவோம். தமிழ்நாட்டில் ஊசிமணி பாசிமணி என்று சொன்னாலே யாரை நினைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பள்ளி ஆண்டுவிழா மாறுவேடப் போட்டியில் ஏதாவது ஒரு குழந்தைக்கு நாலு பாசிமாலை மாட்டி, கையில் ஒரு டப்பா கொடுத்து மேடையேற்றுவார்கள். சபை சிரிக்கும். 1968இல் வந்த 'ஒளிவிளக்கு' படத்தில் எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் அந்த வேடத்தில் ஆடிய பாட்டு இன்றும் ஓடுகிறது. வேடம் போட்டவருக்குக் கைதட்டு. நிஜமானவர் 2021இல் மாமல்லபுரத்தில் கோயில் அன்னதானப் பந்தியில் உட்கார்ந்தபோது எழுப்பி அனுப்பப்பட்டார். பூஞ்சேரியைச் சேர்ந்த அந்தப் பெண் பேசிய காணொளி பரவிய பிறகுதான் அமைச்சர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார், முதலமைச்சர் பூஞ்சேரிக்கே போய்ப் பட்டா கொடுத்தார். 2023இல் சென்னையில் டிக்கெட் கையில் வைத்திருந்த ஒரு குடும்பத்தைத் திரையரங்குக்குள் விட மறுத்தார்கள். அதுவும் காணொளி வந்த பிறகுதான் செய்தி.

நரிக்குறவர் என்பது மற்றவர்கள் வைத்த பெயர். அவர்கள் தங்களை வாக்ரி என்று சொல்லிக்கொள்கிறார்கள். வீட்டில் பேசும் வாக்ரிபோலி குஜராத்தி, மராத்தியோடு உறவுள்ள மொழி. குறவர் சமூகம் வேறு, இவர்கள் வேறு. இந்தப் பெயர்க் குழப்பத்தால் இரண்டு தரப்புக்கும் நட்டம். வேட்டைதான் அவர்களுடைய முதல் தொழில். 1972இல் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அது குற்றமாகிவிட்டது. சட்டம் துப்பாக்கியைக் கீழே வைக்கச் சொன்னது, அதற்குப் பதிலாகக் கையில் எதையும் கொடுக்கவில்லை. முன்பு பக்கத் தொழிலாக இருந்த பாசிமணி முழுத் தொழிலானது இப்படித்தான்.

பழங்குடிப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று லோகூர் குழு 1965இலேயே பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் அதற்கான திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது 2022 டிசம்பரில். நடுவில் 57 ஆண்டுகள். அதற்கு முன்பு மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில், நிலமும் கல்வியும் உள்ள சாதிகளோடு போட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இனி, கற்றுத்தருவது பற்றி. மணி கோப்பதில் உள்ள நுட்பத்தைக் கிட்டே உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். நூலில் கோப்பது எளிது. மெல்லிய கம்பியை அளவாக நறுக்கி, ஒரு மணியை நுழைத்து, இரண்டு முனையையும் குறட்டால் வளைத்துக் கண்ணியாக்கி, அடுத்த கண்ணியோடு மாட்டுவது கடினம். துளசிமணி, ருத்திராட்சம், ஸ்படிகம் எல்லாம் இப்படித்தான் மாலையாகின்றன. கண்ணி சரியாக மூடாவிட்டால் மாலை போட்ட பக்தர் மலை ஏறுவதற்குள் அறுந்துவிடும். குழந்தைகள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முதலில் நிறம் பிரிக்கிறார்கள், பிறகு அளவு பிரிக்கிறார்கள், ஊசி பிறகு, குறடு கடைசியில். ஐயப்ப சீசன் தொடங்கும் கார்த்திகையில் இரவெல்லாம் இந்த வேலை நடக்கும். மேல்மலையனூர் அமாவாசையும் திருவண்ணாமலைப் பௌர்ணமியும் அவர்களுடைய நாட்காட்டி.

அதே வேலை இன்று திண்டிவனம், விழுப்புரம் பக்கத்தில் மகளிர் குழுக்களுக்குக் 'கைவினை நகைப் பயிற்சி' என்ற பெயரில் வருகிறது. பட்டுநூல் வளையல், சுடுமண் கம்மல், பாசி நெக்லஸ். காலனிப் பெண்கள் ஆர்வத்தோடு வருகிறார்கள், கற்கிறார்கள், சான்றிதழும் கிடைக்கிறது. நல்லதுதான். ஆனால் நாங்கள் போய்ப் பார்த்த எந்த வகுப்பிலும் பயிற்றுநர் நாற்காலியில் ஒரு வாக்ரிப் பெண் உட்கார்ந்திருக்கவில்லை. காரணம் கேட்டால் கல்வித் தகுதி இல்லை என்கிறார்கள். வகுப்பு முடிந்து போகும்போது வாசலில் அந்தப் பெண்ணிடம் பேரம் பேசி வாங்கிச் சென்றவர்களையும் பார்த்தோம்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. அந்தத் தொழில் அவர்கள் இரத்தத்தில் ஊறியது, அதையே செய்யட்டும் என்று சிலர் அன்போடு சொல்கிறார்கள். 1953இல் ராஜாஜி அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில் என்று கொண்டுவந்ததும் இதே அன்போடுதான். அதைக் குலக்கல்வி என்று பெயர் சொல்லி எதிர்த்து, 1954இல் காமராசர் ஆட்சியில் ஒழித்த மாநிலம் இது. 2023இல் ஒன்றிய அரசு அறிவித்த விஸ்வகர்மா திட்டத்தை நாம் எதிர்த்ததும் அதே காரணத்துக்காக. அதன் 18 தொழில்களில் பூமாலை கட்டுதல் உண்டு, மணிமாலை கோத்தல் கிடையாது என்பது தனிச் செய்தி. நம் கோரிக்கை, இன்று இந்தத் தொழிலில் இருக்கும் அம்மாவுக்குப் பயிற்றுநர் ஊதியமும் விற்க இடமும் வேண்டும், அவள் மகள் கல்லூரிக்குப் போக வேண்டும் என்பது. இரண்டையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்துகிறவர்களோடுதான் நமக்குச் சண்டை.

விற்க இடம் என்பதை விழுப்புரத்துக்காரர்கள் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. 1978 ஜூலையில் இந்த ஊரில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். கடைவீதியில் ஒரு தலித் பெண்ணைச் சீண்டியதில் தொடங்கியது அது. கடைவீதியில் யார் தலை நிமிர்ந்து நிற்கலாம் என்பது இங்கே இரத்தம் சிந்திய கேள்வி. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, நடந்து திரிந்து விற்பவரும் வியாபாரிதான். கணக்கெடுப்பு முடிந்து சான்று வழங்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும்.

இந்தச் சட்டம் ரயில்வே நிலத்துக்குப் பொருந்தாது. ஐந்து திசைக்கும் பாதை பிரியும் விழுப்புரம் சந்திப்பில் இது சின்ன விஷயமல்ல. அங்கே 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 144ஆம் பிரிவு இருக்கிறது. உரிமம் இல்லாமல் பொருள் விற்பதையும் பிச்சை எடுப்பதையும் ஒரே பிரிவில் வைத்து எழுதியிருக்கிறார்கள். பாசிமணி விற்கும் பெண்ணைக் காவலர் பிச்சைக்காரி என்று விரட்டும்போது அது வெறும் வாய்த் துடுக்கு அல்ல, சட்டப் புத்தகத்திலேயே இரண்டும் பக்கத்துப் பக்கத்து வரிகள்.

விழுப்புரம், திண்டிவனம் மாணவத் தோழர்கள் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. இரண்டு நகராட்சிகளுக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு மனு எழுதுங்கள். தெருவோர வியாபாரிகள் கணக்கெடுப்பில் பாசிமணி விற்பவர்கள் எத்தனை பேர், அவர்களில் சான்றும் அடையாள அட்டையும் பெற்றவர்கள் எத்தனை பேர், விற்பனைக் குழுவில் பழங்குடிப் பிரதிநிதி யார் என்று மூன்று கேள்விகள் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். வந்ததும் நகல் எடுத்து எங்களுக்கும் அனுப்புங்கள்.