மேய்ப்பரும் மந்தையும்

1906ஆம் ஆண்டு அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், அசூசா தெருவிலிருந்த பழைய கட்டடம் ஒன்றில் பெந்தெகொஸ்தே எழுச்சி பெருகியது. அதனை நடத்திய வில்லியம் சீமோர், அடிமைகளாயிருந்த பெற்றோருக்குப் பிறந்த கறுப்பர். அங்கே கறுப்பரும் வெள்ளையரும் அருகருகே மண்டியிட்டனர். பெண்களும் எழுந்து சாட்சி கூறினர். தூய ஆவி எளியோர் வாயிலும் பேசும் என்பதே அவ்வியக்கத்தின் உயிர்க்கொள்கை. அத்தகைய இயக்கத்தில் ஒருவர் சொல்லே சட்டமாகும் நிலை எங்ஙனம் தோன்றிற்று? தமிழரிடையே வளர்ந்த ஒரு சபையின் வரலாறு இதற்கு விடை தரும்.

தமிழ்க் கிறித்தவரின் தன்னாட்சி வேட்கை பழையது. 1857இல் நெல்லைச் சீமையின் நாசரேத்தில், அருமைநாயகம் சட்டம்பிள்ளை வெள்ளை மிஷனரிமாருக்கு அடங்க மறுத்துத் தனிச்சபை கண்டார். பின்னர் 1920களில், கேரளத்து இந்துக் குடும்பமொன்றில் இராமன்குட்டியாகப் பிறந்து, இலங்கையில் கிறித்தவரான போதகர் பால், ஆல்வின் டி அல்விஸ் என்பாரின் துணையோடு சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனை நிறுவினார். மண்ணின் மைந்தரே தலைமை தாங்கிய அச்சபை தமிழகத்திலும் மலாயாவிலும் வேரூன்றியது. இது சிறுமையன்று, பெருமையே.

ஆயின், அதன் ஒழுங்குமுறை கடுமையானது. முழுநேர ஊழியர் மணம் செய்வதில்லை. உடைமை துறந்து, வெண்ணிற ஆடை உடுத்து, 'விசுவாச வீடு' எனும் இல்லங்களில் கூடி வாழ்வர். நோயுற்றால் மருந்தை நாடாது செபத்தையே நாடுவர். தலைமைப் போதகர் தொடங்கிப் படிப்படியாக அதிகாரம் கீழிறங்கும். 1945இல் போதகர் பால் மறைந்தார், படிநிலை மறையவில்லை.

துறவு போற்றத்தக்கதே. எனினும், அனைத்தையும் துறந்தவருக்குத் திரும்பிச் செல்ல வீடில்லை, கைப்பொருளும் இல்லை. அந்நிலையில் மேலோரை மறுத்துப் பேசுதல் எளிதோ? மேலும், தலைவரின் சொல் இறைவனின் சொல்லாகக் கொள்ளப்படுமிடத்து, ஐயமும் பாவமாகிவிடும். எல்லாப் போதகரும் கொடியர் அல்லர். நல்லவர் கையிலும் இவ்வதிகாரம் கேட்பாரின்றி நிற்கிறது என்பதே நம் கவலை.

மலாக்காத் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர் இத்தகைய ஆட்சியை வேறோர் உருவில் அறிந்தவரே. ஊரிலிருந்து ஆள்சேர்த்து வந்தவரும், கடன் கொடுத்தவரும், விடியற்காலைப் பெரட்டில் வேலை ஏவியவரும் கங்காணியே. தொழிலாளரின் உதவிக் குடியேற்றத்தை 1938இல் இந்திய அரசு தடுத்தபின், ஆள்சேர்க்கும் அவர்தம் வலிமை ஒழிந்தது. 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் உருவானது. முறையிட ஓர் இடம் பிறந்தது. கங்காணியின் பிடி கடனில் இருந்தது. சமயத் தலைவரின் பிடியோ மனச்சான்றில் இருக்கிறது. அங்கே தவறிழைக்கப்பட்டவர் எவரிடம் முறையிடுவார்?

அரசனுக்கும் இடித்துரைக்கும் சான்றோர் வேண்டுமென வள்ளுவர், 'பெரியாரைத் துணைக்கோடல்' என ஓர் அதிகாரமே வகுத்தார். ஆலயத்திற்கு வேறு நீதியில்லை. சபையார் முன் வைக்கப்படும் வரவுசெலவுக் கணக்கு, தலைவரையும் வினவவல்ல மூப்பர் குழு, நோயாளி மருத்துவரை நாடினால் பழிக்காத பண்பு ஆகிய மூன்றும் இறைப்பற்றைக் குறைப்பன அல்ல. ஆவி எவரிடத்தும் பேசும் என்று தொடங்கிய இயக்கம், கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவரின் வினாவுக்கும் செவிசாய்த்தல் வேண்டும்.