ஆறு புள்ளிகளுக்கு ஓர் உடன்பாடு

இந்தியா விடுதலை பெற்ற காலத்தில் இங்கே பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கப் பதினொரு பிரெயில் முறைகள் புழங்கின. எல்லாவற்றுக்கும் அடிப்படை லூயி பிரெயில் வகுத்த அதே ஆறு புள்ளிக் கட்டம்தான். எந்தப் புள்ளிச் சேர்க்கை எந்த எழுத்தைக் குறிக்கும் என்பதில்தான் ஆளுக்கொரு கணக்கு. இதற்குக் காரணம் அலட்சியம் என்று நினைத்தால் தவறு. 1887இல் அமிர்தசரசிலும் 1890இல் பாளையங்கோட்டையிலும் பார்வையற்றோருக்குப் பள்ளி தொடங்கிய மிஷனரிப் பெண்கள் கையிலிருந்த வசதியைக் கொண்டு வேலையை ஆரம்பித்தவர்கள். அரசு எட்டிப் பார்க்காத இடத்தில், அந்தந்த மொழிக்குத் தோன்றிய வழியில் புள்ளிகளைப் பங்கிட்டார்கள். எல்லா இந்திய மொழிகளுக்கும் பொதுவாக நோல்ஸும் கார்த்வெயிட்டும் உருவாக்கிய ‘ஓரியண்டல் பிரெயில்’கூட, இருந்த முறைகளோடு இன்னொன்றாகத்தான் போய்ச் சேர்ந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான பன்னாட்டு ஒத்துழைப்பு என்றால் நன்கொடையும் கருவியும் அனுப்புவதே நம் நினைவுக்கு வருகிறது. பிரெயிலின் வரலாற்றைப் பார்த்தால், தனித்தனியாக வந்த தயாளம் ஒரு கட்டத்துக்கு மேல் இடைஞ்சலாகவே ஆகியிருக்கிறது. தங்கள் முறையை விட்டுக்கொடுக்கச் சிலர் சம்மதித்த பிறகே காரியம் நடந்தது.

இது இந்தியாவுக்கு மட்டும் வந்த வினையும் இல்லை. அமெரிக்காவில் ‘நியூயார்க் பாயின்ட்’, ‘அமெரிக்கன் பிரெயில்’, இங்கிலாந்திலிருந்து வந்த பிரெயில் என்று மூன்று முறைகள் பல்லாண்டுகள் மல்லுக்கட்டின. ஒவ்வொன்றுக்கும் தனிப் பள்ளி, தனி அச்சகம், தனி ஆதரவாளர் கூட்டம். ஹெலன் கெல்லர் போன்ற ஒருவர், நூல் எந்த முறையில் அச்சாகியிருக்கிறதோ அந்த முறையைக் கற்றுக்கொண்டுதான் படிக்க வேண்டியிருந்தது. ஒரே ஆங்கிலத்தைப் பேசும் பிரிட்டனும் அமெரிக்காவும் பொது முறைக்கு உடன்பட 1932 ஆகிவிட்டது. சண்டையிட்டவர்களில் பெரும்பாலோர் பார்வையற்றோர் மீது உண்மையான அக்கறை உள்ளவர்கள் என்பதுதான் இதில் வேடிக்கை.

விடுதலைக்கு முன்பே இந்தியாவுக்கென ஒரே முறை வகுக்க அரசு தரப்பில் முயற்சி நடந்து, அது சர்ச்சையில் சிக்கியது. 1949இல் இந்திய அரசு யுனெஸ்கோவை நாடியது. யுனெஸ்கோ பொறுப்பை ஒப்படைத்தது கிளூதா மெக்கன்ஸியிடம். நியூசிலாந்துக்காரரான அவர் 1915இல் கலிப்பொலி போரில் பார்வையை இழந்தவர். பின்னாளில் டேராடூனில், போரில் பார்வை இழந்த இந்திய வீரர்களுக்கான நிலையத்தை நடத்தியவர். தானே விரலால் படிப்பவர் என்பதால், இதை வெறும் மொழியியல் புதிராக அவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. 1950இல் பாரிசிலும் 1951இல் பெய்ரூட்டிலும் கூட்டங்கள் நடந்தன. மூல பிரெயிலில் ஓர் ஒலிக்கு எந்தக் குறியோ, கூடிய மட்டும் அதே ஒலிக்கு மற்ற மொழிகளிலும் அதே குறி என்பது அங்கே ஏற்கப்பட்ட கொள்கை. அதன் வழியே வந்ததுதான் பாரதி பிரெயில். அதில் ‘அ’வுக்கு முதல் புள்ளி, ஆங்கில ‘ஏ’ எழுத்துக்கும் அதேதான். ‘க’வுக்கு 1, 3, ‘ம’வுக்கு 1, 3, 4. ‘அம்மா’ என்று எழுத ஐந்து கட்டங்கள் வேண்டும்: அ, புள்ளி, ம, மறுபடி ம, கடைசியில் ஆ. மெய்யின் தலையில் நாம் வைக்கும் புள்ளி இங்கே மெய்க்கு முன்னால் வரும். ‘கெ’யில் முன்னால் நிற்கும் கொம்போ, ஒலிக்கும் வரிசைப்படி பின்னால் போய்விடும்.

ஐரோப்பிய எழுத்து வரிசைக்குத் தமிழை அடிமைப்படுத்தியதாகாதா இது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆறு புள்ளிகளில் அறுபத்து மூன்று சேர்க்கைகள் கிடைக்கும். வர்க்க எழுத்துகளின் சுமை இல்லாத தமிழ், தனக்கென்று வகுத்துக்கொண்டிருந்தால் இன்னும் சிக்கனமான முறையைக் கண்டிருக்க முடியும். ஆனால் சிக்கனத்துக்கு யார் விலை கொடுப்பது? தமிழ்ச் சிறுமி ஆங்கிலமும் படிக்கிறாள். இந்தி படிக்கிறவளும் உண்டு. மொழிக்கு மொழி விரல் புதிதாகப் பழக வேண்டுமென்றால் பள்ளிக் காலத்தில் பாதி அதிலேயே கரையும். சிலேட்டில் தாளைச் செருகி, எழுத்தாணியால் பின்பக்கமாகக் குத்தி, வலமிருந்து இடமாக எழுதிப் பிறகு திருப்பிப் படிக்கிற முறையில் பழக்கத்தை மாற்றுவது சின்ன வேலையும் இல்லை. தமிழ் இழந்தது கொஞ்சம் கட்டச் சிக்கனம்; பெற்றது பக்கத்து மொழிகளின் வாசல். ழ, ற, ன ஆகியவற்றுக்கும் தனித்தனிக் குறி கிடைத்திருக்கும்போது அடிமைத்தனம் என்பது மிகை.

கணினி எந்த முறையையும் எதற்கும் நொடியில் மாற்றித் தரும்போது பழைய உடன்பாட்டுக்கு இனி என்ன மதிப்பு என்பது இன்னொரு வாதம். மென்பொருளுக்கும் மாற்று அட்டவணை ஒன்று வேண்டும். பதினொரு முறைகள் நீடித்திருந்தால், சந்தையில் சிறியதான தமிழுக்குப் பதினொன்றையும் யார் பராமரித்திருப்பார்கள்? அதைவிட, நூலகங்களுக்கு இடையே நின்ற பெரிய தடை காப்புரிமை. ஒரு நாட்டில் பிரெயிலாக்கிய நூலை உரிமையாளரின் அனுமதியின்றி இன்னொரு நாட்டுக்கு அனுப்ப வழியில்லாததால், ஒரே புத்தகத்தை இரண்டு நாட்டில் இரண்டு முறை தயாரித்தார்கள். 2013இல் மாரகேஷில் நிறைவேறிய ஒப்பந்தம் அந்தத் தடையை நீக்க வழி செய்தது. அதை 2014இல் முதலில் உறுதி செய்த நாடு இந்தியா. இருபது நாடுகள் சேர்ந்ததும் 2016 செப்டம்பர் 30 அன்று அது நடைமுறைக்கு வந்தது. சிங்கப்பூர், கனடா, இலங்கை மூன்றும் அதில் உள்ளன. சென்னையில் தயாரான தமிழ் பிரெயில் கோப்பை யாழ்ப்பாணத்துக்கோ டொராண்டோவுக்கோ அனுப்ப இன்று சட்டம் வழிவிடுகிறது. நூலகங்கள் அனுப்புகின்றனவா என்பதை இனி அவற்றிடம்தான் கேட்க வேண்டும்.